தச்சு மேசையின் மேற்பலகை



ஒரு தச்சர் செய்யும் நாற்காலி நான்கு கால்களும் தரையில் படிய நிற்குமா, அல்லது ஆடுமா என்பதை அவருடைய உளியின் கூர்மை மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் வேலை செய்யும் மேசையின் மட்டமும் முடிவு செய்கிறது. மேசை கோணியிருந்தால், அதன்மேல் வைத்து இழைத்த சட்டமும் கோணும். அதன்மேல் பூட்டிய கதவும் முறுகும். தவறு தம் கையில் என்று எண்ணி இளந்தொழிலாளர் மீண்டும் மீண்டும் இழைப்பார். குற்றமோ அவருக்குக் கீழே கிடக்கும் பலகையில் இருக்கும். ஆகவே அந்த மேற்பலகையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த பின் ஈரம் புகாமல் எவ்வாறு காப்பது என்னும் இரண்டு செய்திகளை இன்று ஆராய்வோம்.

நம் நாட்டுத் தச்சர்கள் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே வேலை செய்து வந்தார்கள். பாதத்தாலும் கால்விரலாலும் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் உளியையும் இழைப்புளியையும் செலுத்தும் திறமை அவர்களுக்கு இருந்தது. தொழிற்சாலைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பெருகிய பிறகு, நின்றுகொண்டு வேலை செய்யும் உயர்ந்த மேசை பட்டறைகளில் இடம் பெற்றது. மேசை வந்தவுடன் அதன் மேற்பலகையைப் பற்றிய கேள்வியும் வந்தது.

இந்தக் கேள்வியை ஆராய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைப் போலப் பொருத்தமான இடம் வேறு காண்பது அரிது. தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டி அமைந்த பகுதி இது. கிருஷ்ணகிரி 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. தமிழ்நாடு அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பின்னர், மோட்டார் வண்டிகளும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் பல தோன்றின. 1984-இல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூடித் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் இவ்வூரில்தான் இருக்கிறது. இத்தகைய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் வளர்வது இயல்பு. இயந்திரம் அனுப்பும் மரப்பெட்டிகள், வீட்டுக் கதவுகள், அலுவலக மேசைகள் ஆகியவற்றைச் செய்யும் தச்சர்களும் அவ்வாறே பெருகுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பட்டறைகளில், நாம் பலகை என்று சொல்வதைத் தெலுங்கர் பலக என்றும், கன்னடர் ஹலகெ என்றும் சொல்வார்கள். சொல் ஒன்றே, பொருளின் குணமும் எங்கும் ஒன்றே.

இரும்பு வேலை செய்யும் ஊரில் மர வேலை செய்பவர் ஒரு வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். 600 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 15 பாகை கூடினால் அதன் அகலம் எவ்வளவு மிகும்? எஃகின் விரிவெண்ணைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இனி அதே அகலத்தில், மரத்தை வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்து இணைத்த பலகையை எடுத்துக்கொள்வோம். வெப்பத்தால் அது விரிவது மிகச் சிறிது. ஆனால் ஈரத்தால் விரிவது பெரிது. காற்றின் ஈரம் மிகுவதால் மரத்திலுள்ள நீரின் அளவு 8 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்தது எனக் கொண்டால், பல மர வகைகளில் பலகையின் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கூடிவிடும். எஃகைப் போல் 60 மடங்கு! இரும்புப் பட்டறைக்காரர் வெப்பமானியைப் பார்த்து அஞ்சுவது போல, மரப் பட்டறைக்காரர் காற்றின் ஈரத்தைப் பார்த்து அஞ்ச வேண்டும்.

இதற்குக் காரணம் மரத்தின் அமைப்பு. மரம் என்பது நுண்ணிய குழல்கள் அடுக்கிய கட்டு. வைக்கோற்போரில் வைக்கோல் ஒரே திசையில் கிடப்பது போல, இக்குழல்கள் அடிமரத்திலிருந்து நுனியை நோக்கி ஓடுகின்றன. குழல்களின் சுவர்கள் நீரை உறிஞ்சினால் அவை தடிக்கின்றன; ஆனால் நீளுவதில்லை. அதனால் பலகை நீளத்தில் ஏறக்குறைய மாறாமலிருந்து, அகலத்திலும் கனத்திலும் மட்டும் மாறுகிறது. அகலத்திலும் எல்லாத் திசைக்கும் ஒரே அளவன்று. மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பட்டையை நோக்கிய திசையில் குறைவாகவும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரு மடங்காகவும் அசைவு நிகழ்கிறது. ஒரே பலகையில் இவ்விரு அசைவுகளும் கலந்திருப்பதாலேயே பலகை கிண்ணம்போல் குழிகிறது. சில சமயம் முறுகுகிறது.

காற்றின் ஒப்பு ஈரம் 40 விழுக்காடாக இருக்கும்போது, நிழலில் கிடக்கும் மரம் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு ஈரத்தோடு நிலைபெறும். ஒப்பு ஈரம் 80 விழுக்காடானால், அந்த மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் மாசி, பங்குனி மாதங்களில் காற்று நன்றாக உலர்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இப்பகுதிக்கு வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் மழை மிகுகிறது. மார்கழியில் காலைப் பனி இறங்குகிறது. தகரக் கூரையின்கீழ் உள்ள பட்டறையிலோ, ஒரே நாளில் நண்பகல் வெக்கையும் பின்னிரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வருகின்றன. பங்குனியில் மட்டமாக இழைத்த மேசை, ஐப்பசியில் மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இந்தத் தொல்லைக்கு மனிதன் கண்ட விடைதான் தகட்டுப் பலகைகள். மரத்தைப் பிரித்து, அதன் நார்களின் ஒருதலைத் திசையைக் குலைத்து, மீண்டும் ஒட்டுவது என்பதே அவை யாவற்றுக்கும் அடிப்படைத் தத்துவம். கடைகளில் கிடைப்பவை நான்கு வகை.

முதலாவது ஒட்டுப்பலகை, கடை வழக்கில் பிளைவுட். மரத்துண்டைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியால் காகிதச் சுருள் பிரிப்பது போல மெல்லிய ஏடுகளாக உரிப்பார்கள். ஒரு ஏட்டின் நார் கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்த ஏட்டின் நார் வடக்கு தெற்காக ஓடும்படி அடுக்கி, பிசின் தடவிச் சூட்டில் அழுத்துவார்கள். ஒவ்வோர் ஏடும் விரிய முயலும்; அடுத்த ஏடு தன் நீளவாக்கில் விரியாதாதலால் அதைத் தடுத்து நிறுத்தும். இதனால் ஒட்டுப்பலகையின் அசைவு, தனிப் பலகையின் அசைவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஏடுகளின் எண்ணிக்கை எப்பொழுதும் 3, 5, 7, 9 என ஒற்றைப்படையாகவே இருப்பதைக் கவனியுங்கள். நடு ஏட்டுக்கு இரு புறமும் ஒரே சமநிலை இருந்தாலன்றிப் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும். இந்தச் சமநிலை என்னும் கருத்தைப் பூச்சு வேலையிலும் மீண்டும் காண்போம்.

இரண்டாவது பிளாக் போர்டு. நடுவில் குறுகிய மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, இரு முகங்களிலும் ஏடுகளை ஒட்டியது. எடை குறைவு, நீளவாக்கில் நல்ல விறைப்பு. ஆனால் சட்டங்களுக்கிடையே இடைவெளி இருந்தால், அங்கே சுத்தியல் விழும்போது மேற்பரப்பு உள்வாங்கும்.

மூன்றாவது துகள் பலகை. மரச் சீவல்களையும் துகள்களையும் பிசினோடு கலந்து அழுத்தியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மரம் அரிதாயிருந்த ஜெர்மனியில் இது தொழிலாக வளர்ந்தது. விலை மலிவு. ஆனால் நீர் பட்டால் உப்பும். உப்பியது மீண்டும் பழைய அளவுக்கு வராது. பாரத்தால் நாளடைவில் தொய்யவும் செய்யும். மேசை மேற்பலகைக்கு இதை விலக்குவது நலம்.

நான்காவது எம்.டி.எஃப். எனப்படும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை. மரத்தை நார்நாராகப் பிரித்து, பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. 1960-களில் அமெரிக்காவில் முதன்முதலாக ஆலை முறையில் செய்யப்பட்டது. இதற்கு நாரின் திசை என்பதே இல்லை. முகம் கண்ணாடிபோல் மட்டமாக இருக்கும். மேசைக்கு வேண்டிய முதற்குணம் மட்டம் ஆதலால், பலர் இதை விரும்புகிறார்கள். குறைகளும் உண்டு. விறைப்பு ஒட்டுப்பலகையில் ஏறத்தாழப் பாதி; விளிம்பில் திருகாணி முடுக்கினால் பிளக்கும்; வெட்டிய விளிம்பு நீரைத் திரிபோல் உறிஞ்சும். எடையும் மிகுதி. 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு தகடு ஏறத்தாழ 40 கிலோகிராம் இருக்கும். எனினும் எடை மேசைக்குக் குற்றமன்று. கனத்த மேசை இழைப்புளியின் தள்ளுதலுக்கு அசையாது.

ஆகவே போட்டி ஒட்டுப்பலகைக்கும் எம்.டி.எஃப்.-க்கும் இடையில்தான். மழைச்சாரல் புகாத, தரை உலர்ந்த அறையில், நுண்ணிய இணைப்பு வேலை செய்பவருக்கு எம்.டி.எஃப். போதும். வாயில் திறந்தே கிடக்கும் பட்டறையிலும், சுத்தியல் அடியும் திருகாணி வேலையும் மிகுந்த இடத்திலும் ஒட்டுப்பலகையே ஏற்றது. இரண்டின் நன்மையையும் பெற விரும்புவோர், கீழே ஒட்டுப்பலகையும் மேலே மெல்லிய எம்.டி.எஃப். தகடும் வைத்து, மேல் தகட்டைத் திருகாணியால் மட்டும் பொருத்துகிறார்கள். மேல் தகடு தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஒட்டுப்பலகை வாங்குவோர் பிசினைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் என்னும் வேதியியலறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேக்லைட்டைக் கண்டுபிடித்தார். அவர் கையாண்ட பினாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினே இன்றும் நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகைகளில் பயன்படுகிறது. யூரியா கலந்த பிசின் மலிவானது. ஆனால் நீடித்த ஈரத்தில் விட்டுப்போகும். இந்தியத் தரநிலைகளில் பொதுப் பயனுக்குரிய ஒட்டுப்பலகைக்கு 303 என்னும் எண்ணும், கடல்வகை ஒட்டுப்பலகைக்கு 710 என்னும் எண்ணும் உண்டு. கடல்வகையின் ஒட்டைச் சோதிக்க, அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இடுவார்கள். பட்டறை மேசைக்கு அவ்வளவு கடுமையான வகை வேண்டுவதில்லை. கொதிநீரைத் தாங்கும் இடைத்தரமே போதும். பினால் பிசினின் கோடு ஏடுகளுக்கிடையே கருஞ்சிவப்பாகத் தோன்றும். யூரியாப் பிசினின் கோடு வெளிறியிருக்கும். ஆனால் சாயம் கலந்து ஏமாற்றுவோரும் உண்டாதலால், நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தரநிலை எண்ணும் பலகையில் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். துண்டு ஒன்று கிடைத்தால், அதைச் சில மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டுப் பாருங்கள். ஏடுகள் பிரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

கடையில் செய்யத்தக்க எளிய சோதனைகள் இன்னும் சில உள்ளன. விரல் முட்டியால் பலகை முழுதும் தட்டிச் செல்லுங்கள். ஓரிடத்தில் ஒலி பொள்ளெனக் கேட்டால், உள்ளே ஏடு இல்லாத வெற்றிடம் உண்டு. நான்கு விளிம்புகளையும் பாருங்கள். ஏடுகளின் இடையில் ஓட்டையோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்போ இருக்கக் கூடாது. பலகையை நிறுத்தி ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஐயமிருந்தால், இரண்டு நூல்களை மூலைக்கு மூலையாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் சந்தித்தால் முறுக்கு இல்லை. இடைவெளி விட்டாலும், ஒன்றை ஒன்று அழுத்தினாலும் முறுக்கு உண்டு.

ஒட்டுப்பலகைக்குரிய மரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அறியத்தக்கது. கேரளத்தில் பெரும்பாவூரும், அரியானாவில் யமுனாநகரும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே ரப்பர் மரமும், இங்கே பாப்லரும் தைல மரமும் பயனாகின்றன. தமிழ்நாட்டில் உழவர்கள் மலைவேம்பை இதற்கென்றே வளர்க்கிறார்கள். கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற மாவட்டம்; காய்ப்பு ஓய்ந்த மாமரமும் பெட்டிப் பலகைக்கும் ஏடுகளுக்கும் பயன்படும். ஆனால் மாமரத்தை வண்டு எளிதில் துளைக்கும். ஆதலால் எந்தப் பலகையாயினும் பூச்சி மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குவது நன்று. கறையான் பலகையைத் தின்ன மேலிருந்து வருவதில்லை. மேசைக் கால் வழியே தரையிலிருந்து ஏறுகிறது. காலின் அடியை ஈரத் தரையில் ஊன்றாமல், கல் அல்லது இரும்புத் துண்டின்மேல் நிறுத்துவது பாதிப் பாதுகாப்பு.

கால்களுக்கும் சட்டங்களுக்கும் பைன் பலகை ஏற்றது. அயல்நாட்டு இயந்திரங்கள் வரும் பெட்டிகளில் இப்பலகை கிடைக்கிறது. நாடு கடக்கும் மரப்பெட்டிகளின் நடுமரம் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்ற வேண்டும் என்பது 2002-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதி ஏற்றுக்கொள்ளும் முறைகளுள் ஒன்று. அவ்வாறு சூடேற்றிய பெட்டியில் எச்.டி. என்ற முத்திரை இருக்கும். எம்.பி. என்று இருந்தால், நச்சு வாயுவால் புகையூட்டியது என்று பொருள். அதனைத் தவிர்ப்பது நலம்.

இனிக் கனத்தைப் பார்ப்போம். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாமே கணக்கிடலாம். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது. 18 மில்லிமீட்டர்ப் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று சும்மா அடுக்கினால் விறைப்பு 2 மடங்கு. அவ்விரண்டையும் பசையால் இணைத்து ஒன்றாக்கினால் விறைப்பு 8 மடங்கு! பசை ஒரு படலமே; எனினும் அது ஒரு பலகை மற்றொன்றின்மேல் நழுவாதபடி தடுத்து, இரண்டையும் ஒரே உடலாக்குகிறது. 8 அடிக்கு 4 அடித் தகடு ஒன்றை வாங்கி நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒட்டினால், 8 அடி நீளமும், ஏறத்தாழ 2 அடி அகலமும், 36 மில்லிமீட்டர் கனமும் உள்ள மேற்பலகை கிடைத்துவிடும். ஒரே தகட்டின் செலவில் முழு மேசை முடிகிறது. தொழில் தொடங்கும் இளைஞருக்கு இது சிறிய சேமிப்பன்று. ஒட்டும்போது ஒரு விதி: மட்டமான தரையில் வைத்தே ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டியது கோணலாகவே உறையும். பின்னர் அதனைத் திருத்த முடியாது.

இப்பொழுது இரண்டாம் பகுதிக்கு வருவோம். மேற்பலகைக்கு ஏன் பூச்சு வேண்டும்? பூச்சு ஈரத்தை முற்றிலும் தடுத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். எந்தப் பூச்சும் அவ்வாறு தடுப்பதில்லை. ஈரம் புகும் வேகத்தைக் குறைக்கிறது. அதுவே போதும். பகலில் உலர்ந்து இரவில் ஈரமேறும் ஊசலாட்டம் பலகைக்குள் எட்டாமல், பருவத்தின் மெதுவான மாற்றம் மட்டும் எட்டுகிறது. மேலும், சிந்திய தேநீரும், பசையும், எண்ணெயும் நாருக்குள் இறங்காமல் நிற்கின்றன.

இங்கேதான் பலர் பொருள் இழக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மேல் முகத்துக்கு மூன்று பூச்சுக் கொடுத்து, கீழ் முகத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் நோட்டுப் புத்தக அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டினால் என்ன நிகழ்கிறது? காய்ந்ததும் அட்டை வளைகிறது. மற்றப் பக்கத்திலும் ஒட்டினால் நிமிர்கிறது. பலகையும் அத்தகையதே. பூசாத கீழ் முகம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி விரிகிறது. பூசிய மேல் முகம் பின்தங்குகிறது. பலகை மேல்நோக்கிக் குழிகிறது. மேல் முகத்தில் மட்டும் சன்மைக்கா ஒட்டிய பலகைகள் வளைவதும் இக்காரணத்தாலேயே. ஆகவே மேல், கீழ் இரு முகங்களுக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கை. விளிம்புகளுக்கு மட்டும் மிகுதியாக வேண்டும். ஏனெனில் நார்க்குழல்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது.

எந்தப் பூச்சு? நம் நாட்டுக்குரிய மிகப் பழைய பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் இப்பிசினில் இந்தியா பெயர் பெற்றது; இதன் ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ராஞ்சியில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு விரைவில் உலரும்; காற்றின் ஈரத்தை நன்கு தடுக்கும். எனினும் சூட்டுக்கு இளகும். ஸ்பிரிட் பட்டால் கரையும். ஆதலால் அடிப்பூச்சுக்கு அது சிறந்தது. தேநீர்க் குவளை வைக்கும் மேல் முகத்துக்கு அதன்மேல் வேறு பூச்சு வேண்டும்.

அடுத்தது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். இது மேலே தோல்போல் படியாமல் நாருக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உறைகிறது. ஈரத்தைத் தடுப்பதில் இது வலிமை குறைந்தது. ஆனால் மேசைக்கு ஒரு பெரு நன்மை உண்டு: கீறல் விழுந்த இடத்தில் மீண்டும் தடவினால் போதும்; பழைய பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை.

மூன்றாவது பாலியூரித்தேன் வார்னிஷ். ஈரத்தையும் கறையையும் நன்கு தடுக்கும். ஆனால் தடிப்பாகப் பூசினால் இரண்டு தீங்குகள் உண்டு. வழவழப்பான பரப்பில் மரம் நழுவும். கையில் உளி இருக்கும்போது நழுவும் மரம் காயத்தை உண்டாக்கும். சுத்தியல் அடியில் படலம் செதிலாகப் பெயர்ந்து, அவ்விடத்தில் ஈரம் புகும். எனவே வார்னிஷைத் தக்க நீர்ப்பான் சேர்த்து இளக்கி, துணியால் மெல்லிதாகத் தேய்த்து, பளபளப்பு வருமுன் நிறுத்துவதே மேசைக்கு உரிய முறை.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, கூர்முனையைச் சற்று மழுக்க வேண்டும். கூரான முனையில் பூச்சு நிற்பதில்லை. ஒட்டுப்பலகை விளிம்பிலுள்ள ஓட்டைகளை மக்கு வைத்து அடைக்க வேண்டும். எம்.டி.எஃப். விளிம்புக்கு நீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு முறை தடவி, உலர்ந்தபின் தேய்த்து, அதன்மேல் பூச்சு ஏற்ற வேண்டும். வெள்ளைப் பசை மட்டும் நீருக்கு நில்லாது. துளைகளை அடைப்பதே அதன் வேலை. விளிம்பைச் சுற்றிக் கடின மரச்சட்டம் ஒன்றை ஒட்டிவிட்டால் இன்னும் நலம்; அடியையும் அது தாங்கும். பிறகு கீழ் முகத்தில் தொடங்கி, திருப்பி, மேல் முகத்துக்கும் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்த பின்னரே நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து அடுத்தது பூச வேண்டும். திருகாணிக்கும் பற்றுக்குறட்டுக்கும் துளையிட்டால், துளையின் உட்சுவருக்கும் பூச்சு வேண்டும். இறுதியில் மட்டும் மேல் முகத்துக்கு மெழுகு. சிந்திய பசை அதில் ஒட்டாமல் பெயர்ந்து வரும். மெழுகிட்ட பின் வேறு பூச்சு பிடிக்காதாதலால் அது கடைசியாகவே இருக்க வேண்டும். காலமும் முக்கியம். மழை பெய்யும் நாளில் பூசினால், உள்ளே வாங்கிய ஈரத்தை அடைத்து வைத்தவர்களாவோம். பலகையைப் பட்டறையிலேயே சில நாட்கள் காற்றாட வைத்து, உலர்ந்த நாளில் பூசுவதே முறை.

உயிரோடு தொடர்புடைய இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது வெப்பம் பிறக்கிறது. பலகையில் அவ்வெப்பம் பரவிப் போய்விடும். எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தாலோ, மடிப்புகளுக்குள் வெப்பம் சேர்ந்து, யாரும் தீ மூட்டாமலே துணி பற்றிக்கொள்ளும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. துணியை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும். அல்லது மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் நீரில் மூழ்க வைக்க வேண்டும்.

மற்றது மூச்சு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை 1995-இலும், பிசினிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடை 2004-இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என வகைப்படுத்தியது. எம்.டி.எஃப். அறுக்கும்போது எழும் தூள் மாவினும் நுண்ணியது; கைக்குட்டை அதைத் தடுக்காது. நல்ல முகமூடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் அறுக்க வேண்டும். விளிம்புகளையும் கீழ் முகத்தையும் பூசி அடைப்பதால், பலகையிலிருந்து வெளிப்படும் அவ்வாயுவும் குறைகிறது. பலகையைக் காப்பதற்காக நாம் செய்யும் வேலை, அங்கே நாள்தோறும் பத்து மணி நேரம் நிற்பவரையும் காக்கிறது.

பலகையைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குத் தொலைவில் இல்லை. ஓசூரை அடுத்த பெங்களூரிலேயே ஒட்டுப்பலகைத் தொழிலுக்கென 1960-களில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மர அறிவியலுக்குரிய நிலையமும் அந்நகரிலேயே உள்ளது. மாணவர்களாகிய நீங்கள் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒரே பலகையிலிருந்து ஒரே அளவான மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறுமையாக விடுங்கள். ஒன்றுக்கு ஒரு முகம் மட்டும் பூசுங்கள். ஒன்றுக்கு எல்லாப் பக்கமும் பூசுங்கள். மூன்றையும் நிறுத்துக் குறித்து, மழைக்காலம் முழுதும் வாரந்தோறும் எடையையும் வளைவையும் எழுதி வாருங்கள். இந்த உரையில் கூறியவை மெய்யா என்பதை அந்தக் கணக்குப் புத்தகம் உங்களுக்குக் காட்டும்.